பழைய ஜி.ஐ. பைப்: எங்கே வெட்டுவது, எதோடு கோர்ப்பது

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் பல வருடத்துக்கு முன் கட்டிய பழைய வீடுகளில், தட்டட்டித் (மொட்டை மாடி) தொட்டியிலிருந்து அடுக்களைக்கும் புறவாசலுக்கும் இறங்குவது பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவருக்குள் புதைந்து, மேலே பலமுறை வெள்ளையடித்து, லைன் எங்கே திரும்புகிறது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கும். இந்த லைனில் கை வைக்கிறவர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாம் திருகுகிற ஜாயின்டைவிட, சுவருக்குள் இருக்கிற அடுத்த ஜாயின்டுதான் முதலில் உடையும். கீழே சொல்லும் முறைகளில் பாதிக்கு மேல் அந்த அடுத்த ஜாயின்டைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

காரணம் மரையில் (பைப் முனையில் வெட்டும் திருகுப் பள்ளத்தில்) இருக்கிறது. அரை இஞ்ச் பைப்பில் மரையின் ஆழம் ஏறக்குறைய 1.16 மி.மீ. நீலப் பட்டை அடித்த மீடியம் வகை பைப்பின் தடிமன் புதிதிலேயே 2.6 மி.மீ.தான். மரை போட்டதும் பள்ளத்தில் மிஞ்சுவது 1.4 மி.மீ. மஞ்சள் பட்டை லைட் வகையின் தடிமன் 2 மி.மீ. என்பதால், அதில் 1 மி.மீ.கூட மிஞ்சாது. மரை வெட்டும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. அதனால்தான் பைப்பின் நடு உடம்பு கல்லு மாதிரி இருக்கும்போதே எல்போ (பைப் திரும்பும் வளைவு இணைப்பு) வாயில் ஈரம் கசியும். சுவரைவிட்டு பைப் வெளியே வருகிற விளிம்பு இன்னொரு பலவீனமான இடம். அங்கே ஈரமும் காற்றும் சேர்ந்து சுற்றிலும் அரித்திருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தும் சேதம் மாறும். தாமிரபரணித் தண்ணீரில் உப்பு குறைவு. உள்ளே காப்பாகச் சுண்ணாம்புப் படிவம் அதிகம் கட்டாது. துத்தநாகம் கரைந்து முடிந்ததும் இரும்பு நேரே துருப்பிடித்து, காவி நிறத்தில் மொட்டு மொட்டாகத் துளையை அடைக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் போர் லைன்களில் வெள்ளைப் பொருக்கும் துருவும் ஒன்றாகச் சேர்ந்து இறுகிவிடும். ஒரே வீட்டில் நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனித்தனி லைன் இருந்தால், வேலை முடியும்போது இரண்டும் எந்த இடத்திலும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு டீ என்கிற மூன்று வாய் இணைப்பைப் போட்டு இரண்டையும் இணைத்துவிட்டால், போர்த் தண்ணீர் குடிதண்ணீர் லைனுக்குள் ஏறிவிடும்.

வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும் கடைசிக் குழாயிலும் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருந்து, கடைசிக் குழாயில் மூன்று நான்கு மடங்கு நேரம் பிடித்தால் அந்த லைன் உள்ளே அடைத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். அந்த லைனில் ஒரு ஓட்டையை அடைப்பது பணத்துக்குக் கேடு. காலையில் முதல் வாளி மட்டும் காவியாக வந்து பிறகு தெளிந்தால் துரு வீட்டு பைப்பில் இருக்கிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் தெளியவில்லை என்றால் தொட்டியையோ வருகிற தண்ணீரையோதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. கடையில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அரை இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 21 மி.மீ.க்கு மேல். அதை ஸ்கேலில் பார்த்துவிட்டு முக்கால் இஞ்ச் சாமான் வாங்கி வருகிறவர்கள் நிறைய. ஒரு நூலை பைப்பைச் சுற்றி ஒரு சுற்று கட்டி, நீட்டி அளந்துவிடுங்கள். சுற்றளவு 67 மி.மீ. வந்தால் அரை இஞ்ச், 84 வந்தால் முக்கால், 106 வந்தால் ஒரு இஞ்ச். பெயிண்டும் துருவும் சுரண்டிய பிறகு அளக்க வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். இதில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தனியாக மண்ணுக்குள் இறக்காமல், தண்ணீர் பைப்பில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருப்பார்கள். வீட்டில் எங்காவது கசிவு இருந்தால் அந்த பைப்பில் மின்சாரம் இருக்கும். வெட்டின இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடிக்கிறவர் வழியாக அது பாயும். முதலில் டெஸ்டரை பைப்பில் சுரண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் வேலையை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டாலும் மெயினை அணைத்துவிட்டே வெட்டுங்கள். இடையில் ஒரு அடி பிளாஸ்டிக் பைப் சேர்த்தாலே எர்த் தொடர்ச்சி அறுந்துபோகும். கீசரும் மோட்டாரும் எர்த் இல்லாமல் ஓடும். ஆகவே பைப்பை நம்பியிருந்த வீட்டில் முதலில் தனி எர்த் குழி, பிறகு பிளாஸ்டிக்.

தெருவிலிருந்து வருகிற இணைப்பில், மீட்டருக்கு வெளியே உள்ளதை நாமாகத் தொடக் கூடாது; அது உள்ளாட்சி அமைப்பின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. ஆனால் வீட்டு எல்லைக்குள், வாறுகால் (சாக்கடை) ஓரமாக அந்த பைப் போகிறதா என்று மட்டும் பார்த்துவையுங்கள். குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் வருகிற லைனில், தண்ணீர் நின்றதும் உள்ளே உறிஞ்சும் நிலை உண்டாகும். ஓட்டை விழுந்த பைப் வாறுகாலில் முங்கிக்கிடந்தால் சாக்கடை உள்ளே போகும். அந்தக் கசிவை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. அந்த லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பதோடு, இதே ஆபத்தைப் பல மடங்காக்கும்.

இரண்டு நாள் தாங்க

நடு பைப்பில் ஊசித் துளை என்றால், சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, துளையின் இருபுறமும் ஒவ்வொரு ஹோஸ் கிளாம்ப் போட்டால் தட்டட்டித் தொட்டியின் அழுத்தத்துக்கு நிற்கும். எம்-சீல் (இரண்டு பகுதி கலந்து பிசையும் அடைப்புப் பசை) வைப்பதானால் தண்ணீரை நிறுத்தி, பைப்பை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, இரண்டு பகுதியையும் சம அளவில் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, துளையைச் சுற்றி ஒரு இஞ்ச் அகலத்துக்காவது அழுத்த வேண்டும். ஒரு இரவு தண்ணீர் விடாதீர்கள். சொட்டுகிற பைப்பின்மேல் அப்புகிற எம்-சீல் ஒட்டவே ஒட்டாது. வெல்டிங் வைக்க யாராவது சொன்னால் வேண்டாம். துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல். உள்பக்கப் பூச்சும் எரிந்து, வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

யூனியன் போட்டுத் துண்டு மாற்றுவது

இரண்டு எல்போவுக்கு நடுவில் இருக்கும் பைப்பைத் திருகிக் கழற்ற முடியாது. ஒரு முனையைத் தளர்த்தினால் மறு முனை இறுகும். அதனால் நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கழற்றி, புதிதாக இரண்டு துண்டும், அவற்றுக்கு இடையில் ஒரு யூனியனும் (பைப்பைத் திருப்பாமல் நட்டை மட்டும் திருகிப் பூட்டும் இணைப்பு) போட வேண்டும்.

தொட்டி அவுட்லெட்டில் உள்ள கேட் வால்வை மூடுங்கள். வருடக்கணக்கில் திருகாத வால்வென்றால் பலமாகத் திருகாமல் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்துப் பாருங்கள். மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தண்டு முறிந்தால் இன்னொரு வேலை. தொட்டியைக் காலி செய்வது, அல்லது தொட்டிக்குள் அவுட்லெட் வாயில் துணி சுற்றிய மரக்கட்டையை அடித்து அடைப்பது, இரண்டில் ஒன்று போதும். மோட்டார் ஸ்விட்சையும் அணைத்து, மிகத் தாழ்வான குழாயைத் திறந்து லைனை வடியவிடுங்கள்.

அறுக்க, இஞ்சுக்கு 24 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு. பெரிய பல் பிளேடு மெல்லிய பைப்பில் கொக்கியாக மாட்டி உதறும். அந்த உதறல்தான் சுவருக்குள் இருக்கும் மரைக்குப் போகும். அறுக்கும் இடத்துக்கு இருபுறமும் பைப்பைத் தாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கட்டும். அறுத்த வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு 2 மி.மீ.க்குக் குறையாமல் சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் லைன் இன்னும் வேலைக்கு ஆகும். ஒரு பக்கம் காகிதம் போல் மெலிந்து, நடுத் துளை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தால் துண்டு மாற்றுவதை நிறுத்திவிட்டு, கடைசியில் சொல்லியிருக்கும் புது லைன் யோசனைக்குப் போய்விடுங்கள்.

கழற்றும்போது இரண்டு பைப் ரெஞ்ச் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. ஒன்று எல்போவை அசையாமல் பிடிக்க, மற்றது பைப்பைத் திருக. இரண்டு பிடியும் ஒன்றையொன்று நோக்கி நெருங்குகிற மாதிரி மாட்டி, இரண்டு கையையும் சேர்த்து அமுக்கினால் விசை அந்த ஒரு ஜாயின்டிலேயே முடிந்துவிடும். ஒரே ரெஞ்சால் இழுத்தால் எல்போ சேர்ந்து திரும்பி, சுவருக்குள் இருக்கும் மரை நொறுங்கும். எல்போ பூச்சுக்குள் புதைந்திருந்தால் ரெஞ்ச் வாய் பிடிக்கும் அளவுக்குக் காரையைச் சிற்றுளியால் கொத்தி எடுங்கள். சுண்ணாம்புக் காரை எளிதில் உதிரும். பெரிய சுத்தியல் வேண்டாம்.

மசியாவிட்டால் துரு இளக்கும் ஸ்ப்ரேயோ மண்ணெண்ணெயோ மரை வாயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். எல்போவின் விளிம்பைச் சுற்றிச் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். பிறகு தளர்த்தும் முன் ஒரு இழை அளவு இறுக்கிப் பார்த்து, அப்புறம் தளர்த்துங்கள். துரு முதலில் அப்படித்தான் விடும். பைப் முறிந்து மரை எல்போவுக்குள் மாட்டிக்கொண்டால், வெறும் ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, உள்ளிருந்து நீளவாட்டில் இரண்டு வெட்டுப் போடுங்கள். மிஞ்சின இரும்பின் பெரும்பகுதி அறுந்ததும் நிறுத்த வேண்டும். எல்போவின் மரையைத் தொட்டால் எல்போவும் வீண். பிறகு இரண்டு வெட்டுக்கும் இடையில் நிற்கும் சின்னத் துண்டை உளியால் உள்நோக்கி மடக்கினால் மிச்சம் தளர்ந்து வந்துவிடும்.

இப்போது அளவுக் கணக்கு. மரை எல்போவுக்குள் நுழையும் ஆழம் அரை இஞ்சுக்கு ஏறக்குறைய 13 மி.மீ., முக்காலுக்கு 14.5, ஒரு இஞ்சுக்கு 17. ஒரு எல்போ வாயிலிருந்து மறு எல்போ வாய் வரை 900 மி.மீ. என்றும், வாங்கிய அரை இஞ்ச் யூனியனைப் பூட்டி அளந்தால் முனைக்கு முனை 48 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். மரை உள்ளே போகிற இடங்கள் நான்கு, தலா 13 வீதம் 52. ஆக 900-ஐயும் 52-ஐயும் கூட்டி 48-ஐக் கழித்தால் 904 மி.மீ. இரண்டு துண்டுகளின் மொத்த நீளம் அவ்வளவுதான். 150-க்கு ஒன்று, 754-க்கு ஒன்று என்று ஹார்டுவேர் கடையில் வெட்டி, மரை போட்டு வாங்கலாம். நடுவில் பிரிக்காமல் ஒரு ஓரமாக யூனியன் வருவது நல்லது, பைப் தொய்யாது. நீலப் பட்டைக்குக் குறைவாக வாங்காதீர்கள். மரையைக் கடையிலேயே ஒரு சாக்கெட்டை (உள்மரை உள்ள நேர் இணைப்பு) கையால் ஏற்றிச் சோதியுங்கள். மூன்று நான்கு சுற்று கையால் ஏறி அப்புறம் பிடிக்க வேண்டும். முழு ஆழத்துக்கும் கையாலேயே ஓடினால் மரை ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். வாயின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறையும் அரம் போட்டுத் தட்டையாக்கச் சொல்லுங்கள். அந்தப் பிசிறில்தான் துரு பிடித்து அடுத்த அடைப்பு ஆரம்பிக்கும்.

புது மரைக்குப் புது சாமான் என்றால் டெஃப்லான் டேப் ஐந்தாறு சுற்று போதும். மரை வாய் நம்மைப் பார்க்கப் பிடித்து, கடிகார முள் போகிற திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போது பிரிந்து வெளியே வரும். அரித்துப்போன பழைய எல்போ மரைக்குள் போகிற முனைக்கு டேப்பைவிடச் சணல்தான் நம்பகமானது. மெல்லிய இழையாகப் பிரித்து மரைப் பள்ளத்தோடு சுற்றி, மேலே ஜாயின்டிங் பசை தடவுங்கள். தண்ணீர் பட்டதும் சணல் ஊதி, அரித்த இடத்தை நிரப்பும். பசை குடிநீருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். பழைய வழக்கப்படி ரெட் லெட், ஒயிட் லெட் போடுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈயம் சேர்ந்த பசைக்குக் குடிதண்ணீர் லைனில் இடமே இல்லை. பழைய மரையைப் பூட்டுமுன் கம்பி பிரஷால் தேய்த்து, ஊற வைத்த மண்ணெண்ணெய் வாடையையும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

டேப் சுற்றிய ஜாயின்டை இறுக்கிவிட்டு, எல்போ வாயை நேராக்குவதற்காகக் கொஞ்சம் பின்னால் திருப்புவது பலருக்கும் பழக்கம். அங்கேதான் சொட்டும். தாண்டிப் போய்விட்டால் கழற்றி, புது டேப் சுற்றி மறுபடி பூட்டுங்கள்.

யூனியனின் உள்ளே இரும்பும் இரும்பும் உட்காருகிற முகங்கள் தூசி, டேப் துணுக்கு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பெரிய நட்டின் மரைக்கு டேப் தேவையில்லை. நீர் நிற்பது அந்த முகங்களில்தான். இரண்டு துண்டும் நேர்கோட்டில் தானாகச் சந்திக்க வேண்டும். கோணலாக நிற்பதை நட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்தால் அந்த இழுவை முழுவதும் சுவருக்குள் இருக்கும் மரையில் நிற்கும். யூனியனைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடாதீர்கள்.

ஜி.ஐ.யோடு பிளாஸ்டிக்கைக் கோர்ப்பது

பாதி லைனை மட்டும் யு.பி.வி.சி. பிளாஸ்டிக்காகவோ, கீசர் பக்கம் வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி.யாகவோ மாற்றும்போது ஒரே விதி: இரும்பு மரை பிளாஸ்டிக்குக்குள் போகக் கூடாது. ஜி.ஐ. மரை முனை நோக்கிச் சரிகிற மரை. அதை உள்மரை உள்ள பிளாஸ்டிக் இணைப்பான எஃப்.டி.ஏ.வுக்குள் இறுக்கினால் ஆப்பு வைத்ததாகி, இன்றைக்கு இல்லாவிட்டாலும் சில மாதத்தில் நீளவாட்டில் விரிசல் விடும். ஜி.ஐ. முனையில் ஒரு சாக்கெட் போட்டு, அதற்குள் வெளிமரை உள்ள பிளாஸ்டிக் இணைப்பான எம்.டி.ஏ.வை ஏற்றுங்கள். சாக்கெட் போட இடமில்லை என்றால் பித்தளை மரை பதித்த எஃப்.டி.ஏ. வாங்குங்கள். வெந்நீர் லைனில் எப்போதும் பித்தளை மரைதான்.

பிளாஸ்டிக் மரைக்கு டேப் மட்டுமே. சணல் ஊதிப் பிளக்கும், எண்ணெய்ப் பசை சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கையால் இறுகிய பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. மரைப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் பைப்பை சால்வென்ட் சிமென்டால் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு திருகினால் ஒட்டு விடும். யு.பி.வி.சி.க்கு உரிய சிமென்ட் வேறு, சி.பி.வி.சி.க்கு உரியது வேறு. ஒட்டிய பைப்பை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். முழு அழுத்தம் விட டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பொறுங்கள், முடிந்தால் ஒரு நாள். ஜி.ஐ.யின் பாரம் பிளாஸ்டிக்கின்மேல் தொங்காதபடி ஜாயின்டுக்கு இருபுறமும் அரை அடிக்குள் கிளாம்ப் அடியுங்கள். மோட்டார் வாயிலிருந்து முதல் இரண்டு அடியை ஜி.ஐ.யாகவே விட்டுவிடலாம், அதிர்வை அது தாங்கும். செப்புக் குழாயை நேராக ஜி.ஐ.யில் பூட்டாதீர்கள். இரண்டும் தொடுகிற இடத்தில் துத்தநாகமும் இரும்பும் வேகமாக அரிக்கும்.

தண்ணீர் திறக்கும்போது வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, கடைசிக் குழாயைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். தட்டிய தட்டலில் உதிர்ந்த துரு இப்போது வரும். குழாய் வாய் சல்லடை, வாஷிங் மெஷின் வடிகட்டி, ஷவர் தலை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தெளியும்வரை செடிக்கு விடுங்கள். ஒவ்வொரு ஜாயின்டையும் துடைத்து, அடியில் செய்தித்தாள் துண்டு வைத்து அரைமணி கழித்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். சணல் வைத்த ஜாயின்ட் முதல் ஒரு மணி நேரம் லேசாக வியர்த்துத் தானே நிற்கலாம். சொட்டினால் நிற்காது, கழற்றத்தான் வேண்டும். தொட்டிக்குள் மரக்கட்டை அடித்திருந்தால் அதை எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள்.

ஒரே லைனில் வருடத்துக்குள் இரண்டாவது ஓட்டை விழுந்தால், அல்லது அறுத்த வாய் மேலே சொன்ன மாதிரி மெலிந்திருந்தால், சுவரை உடைத்துப் பழைய பைப்பைத் தேட வேண்டாம். சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டுப் புது லைன் இழுங்கள். வெயில் படும் இடத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் பிளாஸ்டிக் நாள்பட நிற்கும். பழைய லைனை அதன் கடைசி முனையில் மட்டும் அடைத்துவிட்டுப் போகக் கூடாது. தண்ணீர் அதற்குள் தேங்கிக் கெட்டு, துருவோடு நல்ல லைனுக்குத் திரும்பி வரும். அது பிரிகிற டீயிலேயே கழற்றி, டீ வாயில் எண்ட் பிளக் போடுங்கள். டீ கழற்ற வராத இடத்தில் இருந்தால், அதற்கு முந்திய நல்ல பைப்பில் அறுத்து, புது லைனை அங்கிருந்தே தொடங்குங்கள்.